டிக்கி விளக்கும் உன் அப்பாவின் மறதியும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவன் கருணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குட்டியும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் என் முதல் வேண்டுதல், அதற்குப் பிறகுதான் அடுப்பு. நேற்றுத்தானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், இந்த இரண்டு அறை வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் பேச்சு கேட்கும், நான் சொல்ல வேண்டியதோ அவர் காதில் விழக் கூடாதது. இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், முடிதிருத்துகிறவர் பேச ஆரம்பித்தால் விடமாட்டார், அதனால் எனக்கு இரண்டு மணி நேரமாவது கிடைக்கும்.

முதலில் போன செவ்வாய்க்கிழமை விஷயம். நீ மூன்று முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை, நாலாவதாக அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டாய், அவர் "அம்மா போனை டிக்கிக்குள்ள வெச்சு மூடியிருக்காப்பா, இப்பத் திறக்கக் கூடாதாம், அப்புறமாப் பேசு" என்று சொல்லி வைத்துவிட்டார். உடனே நீ தங்கைக்குப் போன் போட்டு "அப்பாவுக்கு முத்திடுச்சுடி, பெரியப்பா மாதிரியே பேசுறார்" என்று அழுதாயாம், அவளும் சேர்ந்து அழுதுவிட்டு மறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிவிட்டாள், காரை விற்றுவிடுங்கள் என்று இரண்டு பேருமாக முடிவும் எடுத்துவிட்டீர்கள். பெரியவனே, அப்பா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. போனை டிக்கிக்குள் வைத்தது நான், மூடியது நான், திறக்காதீர்கள் என்று அதட்டியதும் நான்தான். ஏன் என்று சொல்கிறேன், நடுவில் சிரிக்காமல் படி.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை வண்டி கிளம்பவில்லை என்று உனக்குத் தெரியும். நம் மெக்கானிக் வந்தான், அவனை நாங்கள் "ஒரு நிமிஷம்" என்றுதான் சொல்வோம், எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷம்மா என்பான், அது ஒரு மணி நேரம் ஆகும். அவன் வேறொரு பேட்டரியோடு ஒயர் மாட்டிக் கிளப்பிவிட்டு, "ஐயா, உள்ள லைட்டைப் போட்டுட்டு அப்படியே இறங்கிட்டீங்க, விடிய விடிய எரிஞ்சு பேட்டரி காலி" என்று சிரித்தான். அப்பாவும் சிரித்தார், ஆனால் "நான் போடலையே" என்றார். பதின்மூன்று நாளில் மறுபடியும் அதே கதை. பேட்டரிதான் பழசு என்று புதிதாக மாற்றினோம், அது ஒன்பது நாள்தான் தாங்கியது. அந்த மூன்றாவது தடவை மெக்கானிக் அப்பாவிடம் பேசவில்லை, அவரைத் தாண்டி என்னைப் பார்த்து, "அம்மா, இனிமே ஐயா இறங்கினதும் நீங்க ஒருவாட்டி பாத்துக்குங்க" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் அப்பாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அன்று மாலையே வண்டிச் சாவியைக் கொண்டுவந்து சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு, "எனக்கு வேணாம், நான் பஸ்ல போய்க்கறேன்" என்றார். மறதி நோய் முற்றின பெரியப்பாவைக் கடைசி இரண்டு வருஷம் குளிப்பாட்டி உடுத்திவிட்டவர் அவர். அண்ணன் எப்படி ஆரம்பித்தார் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு மனுஷன் பாதியாகிவிட்டார். கேஸை மூடினோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பார். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு வீட்டைப் பூட்டினோமா என்று திரும்பி வருவார். இன்றைக்கு என்ன கிழமை என்று தெரிந்துகொண்டே என்னிடம் கேட்டுச் சரிபார்ப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன், பால், கேஸ், மருந்து எல்லாம் எழுதுகிற என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "அவர் மறந்தவை" என்று தலைப்புப் போட்டுத் தேதியோடு எழுத ஆரம்பித்தேன். பெரியப்பாவைப் பார்த்த டாக்டர் அந்தக் காலத்தில் பெரியம்மாவிடம் எழுதி வைக்கச் சொல்லியிருந்தார், அதனால் எழுதினேன். ஆனால் எழுத எழுதக் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மறதியாகவே தெரிந்தது. பதினொரு வரி சேர்ந்துவிட்டது.

இதற்கிடையில் உன் மாமா ஏதோ சாமான் ஏற்றிவர வண்டியை ஒருநாள் எடுத்துப்போனான். திரும்பி வந்ததும் வராததுமாக, "அக்கா, உள்ள லைட் எரியல, கடியாரமும் நின்னுபோச்சு, நான் ஒண்ணும் பண்ணல" என்றான். நான் ஒண்ணும் பண்ணல என்று அவன் சொன்னாலே ஏதோ பண்ணியிருக்கிறான் என்று அர்த்தம், ஆறு வயசிலிருந்தே அப்படித்தான். பிடித்து உலுக்கியதில், சிகரெட் பற்றவைக்கிற துளையில் போன் சார்ஜரைச் செருகினானாம், பட்டென்று ஒரு சத்தம் வந்ததாம், அவ்வளவுதான் என்றான். சரி, ஓட்டாத வண்டிக்கு உள்ளே விளக்கு எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாவிட்டாலும் கியரை நடுவில் வைத்துச் சாவியைத் திருகத் தெரியும், அதனால் வாரம் ஒருமுறை கீழே போய் வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்துவிட்டு வருவேன், அதையும் நோட்டில் எழுதுவேன். ஐந்து வாரம் தொடர்ந்து ஒரே திருகில் கிளம்பியது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குத் தோன்றியது இதுதான்: அவர் கை படவில்லை, பேட்டரி நன்றாக இருக்கிறது, அப்படியானால் குற்றம் அவருடையதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடித்துவிட்டு நோட்டைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. அப்பா சாவியை ஆணியில் மாட்டியது புதன்கிழமை. மாமா விளக்கைக் கெடுத்தது அதற்கடுத்த சனிக்கிழமை. ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்கிறது. ஒரே வாரத்தில் இரண்டு மாற்றம் நடந்திருக்கிறது, பேட்டரி பிழைத்தது எதனால்? அப்பா ஓட்டாததாலா, விளக்கு போனதாலா? நான் பாட்டுக்கு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதிவிட்டேன். இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. விளக்கைச் சரிசெய்ய வேண்டும், ஆனால் அப்பா வண்டியைத் தொடக் கூடாது. அப்போதும் பேட்டரி செத்தால் அவர் மேல் தப்பில்லை. சாகாவிட்டால், அவருடைய மறதிதான் என்று என் கையாலேயே எழுதி முடித்ததாகிவிடும். அந்தப் பயத்தில் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். ஆண்டவனிடம் பேட்டரி சாகட்டும் என்று கேட்க வாய் வரவில்லை, உள்ளது எதுவோ அதைக் காட்டு என்று மட்டும் கேட்டுக்கொண்டு மூன்றாம் நாள் கீழே இறங்கினேன்.

உன்னுடையதும் பழைய வண்டிதான், என்றாவது உள் விளக்கு எரியாவிட்டால் உனக்கும் உதவும், கவனமாகக் கேள். வண்டியோடு வந்த புத்தகம் பெட்டியில் இருந்தது, புரியாத வார்த்தைக்கு உன் பழைய அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன், ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அதுவே பெரிய படிப்பு. முதலில் கூரை விளக்கின் சுவிட்சைப் பார்க்க வேண்டும், அதில் எப்போதும் எரிவது, எப்போதும் அணைந்திருப்பது, கதவு திறந்தால் மட்டும் எரிவது என்று மூன்று நிலை உண்டு, பாதிப் பேருக்குக் கோளாறே அங்கேதானாம், துடைக்கும்போது கை பட்டு நகர்ந்திருக்கும். மூன்று நிலையிலும் தள்ளிப் பார்த்தேன், எரியவில்லை. பிறகு முன்பக்கம் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சக்கரம், அதைக் கடைசி வரை இறக்கிவிட்டால் சில வண்டிகளில் உள் விளக்கும் சேர்ந்து அணைந்துவிடுமாம், அதையும் ஏற்றிப் பார்த்தேன், ஊஹும். பிறகு விளக்கின் மூடியைச் சீப்பின் கைப்பிடியால் நெம்பி எடுத்துப் பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், உள்ளே கம்பி அறுபடாமல் முழுசாக இருந்தது. அப்படியானால் மிச்சமிருப்பது பியூஸ். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு மூடி, அதன் முதுகில் எந்த பியூஸ் எதற்கு என்று படம் போட்டிருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, புருவம் திருத்துகிற இடுக்கியால் அந்த பியூஸைப் பிடுங்கினேன், நடுக்கம்பி கருகி அறுந்திருந்தது. உன் மாமா கேட்ட "பட்" சத்தம் அதுதான்.

கருகினதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் "பத்து ஆம்பியர் எதுக்கும்மா, இருபது தரேன், இந்த ஜென்மத்துக்குப் போகாது" என்றார். "பியூஸ் போகாது, வண்டி போயிடும், இதே சைஸ்ல பத்தே குடுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். பெரியவனே, என்ன அவசரமானாலும் பெரிய பியூஸ் மட்டும் போட்டுவிடாதே, ஒயர் சூடேறிப் புகைந்துவிடும் என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. புதியதைச் செருகியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது, தனியாக நின்று கை தட்டினேன். பிறகு கூரை விளக்கை அணைந்தே இருக்கும் நிலைக்குத் தள்ளி, நாலு கதவையும் இழுத்துப் பார்த்துப் பூட்டி, சாவியை என் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். ஐந்து நாள் யாரும் தொடவில்லை. ஆறாம் நாள் செவ்வாய்க்கிழமை காலை போய்ச் சாவியைத் திருகினேன். டக், டக் என்றது, அதோடு சரி. செத்துக் கிடந்தது! ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். மேல்மாடி வீட்டுக்காரி குப்பை கொட்ட வந்தவள், "என்னக்கா, வண்டி கிளம்பலையா?" என்று பரிதாபமாகக் கேட்டாள். "கிளம்பலடி, ஆண்டவன் புண்ணியத்துல கிளம்பவே இல்ல" என்றேன். அவள் பின்வாங்கியபடியே படியேறிப் போனாள்.

அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தேன், மெக்கானிக்கையும் வரவழைத்தேன். மேலே விளக்கு அணைந்துதான் இருக்கிறது, ஆனாலும் அந்த பியூஸில் இருக்கிற ஏதோ ஒன்று பேட்டரியைக் குடிக்கிறது. படத்தில் அதற்கு நேராக நாலு போட்டிருந்தது, கூரை விளக்கு, கடியாரம், சிகரெட் துளை, டிக்கி விளக்கு. கடியாரம் கொஞ்சூண்டுதான் குடிக்கும், துளையில் எதுவும் செருகவில்லை. டிக்கி விளக்கா என்று கேட்டேன். மெக்கானிக் ஒயரை மாட்டிக்கொண்டே, "அம்மா, டிக்கி லைட்டு மூடினா தானா அணைஞ்சிடும்மா" என்றான். "நீ மூடின டிக்கிக்குள்ள போய்ப் பாத்திருக்கியா?" என்றேன். "அதுக்கு நான் பொணமாத்தான் போகணும்" என்றான். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் நிமிர்த்தி வைத்து மூடினேன், நாலு நிமிஷம் யாரும் திறக்கக் கூடாது என்றேன். அந்த நேரம் பார்த்துத்தான் மகராசன் நீ கூப்பிட்டாய். டிக்கிக்குள்ளிருந்து மணி அடிக்கிறது, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், நான் விடாப்பிடியாக நிற்கிறேன், அப்பா உனக்கு உள்ளதை உள்ளபடி பதில் சொன்னார். உன் அழைப்பால் படம் பாதியிலேயே நின்றுபோயிருந்தது, ஆனால் அந்தப் பாதியே போதும். மூடி இறங்குகிறது, மூடுகிற சத்தம் கேட்கிறது, உள்ளே ஸ்டெப்னி டயரும் கிழிந்த கோணியும் பட்டப்பகல் போலத் தெரிகின்றன. விளக்கு அணையவே இல்லை. மூன்று மாதமாக, பியூஸ் போயிருந்த வாரங்கள் தவிர, பூட்டின டிக்கிக்குள் யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, ஓரத்தில் இருந்த சின்னப் பொத்தானைக் காட்டினான். "இது அமுங்கினாத்தான் லைட்டு அணையும். இதை அமுக்க மூடியில ஒரு ரப்பர் குமிழ் இருக்கணும், அதைக் காணோம், யாரோ பிச்சிருக்காங்க" என்றான். எனக்கு எதுவோ ஞாபகம் வந்தது. மாடியேறி வீட்டுக்குப் போய் நோட்டைப் புரட்டினேன். முதல் தடவை பேட்டரி செத்ததற்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, என் கையெழுத்தில் இருக்கிறது: "டிக்கி கழுவினேன். மூடியில் உருகிப் பிசுபிசுத்த ரப்பர் ஒன்று இருந்தது, பிய்த்து எறிந்தேன்." கணக்கு சரியாக எழுதுகிறவள் என்று எனக்குள் எவ்வளவு கர்வம் இருந்தது தெரியுமா? அவருடைய மறதிக்குக் கணக்கு எழுதின நோட்டிலேயே என் கைவேலையும் தேதியோடு உட்கார்ந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. நோட்டோடு கீழே இறங்கிப்போய் இரண்டு பேர் முன்னாலும் வாசித்துக் காட்டினேன். அப்பா டிக்கி மூடியில் அந்த ரப்பர் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "மூணு மாசமா குத்தவாளி கையாலயே மூணு வேளையும் சாப்பிட்டிருக்கேன், பாத்தியா" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார் பார், அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை என்னிடம் தராமல் அவரிடம் நீட்டினான். "ஐயா, நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது, நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றான். கிளப்பிப் பார்த்தார், ஓட்டவில்லை. பழைய செருப்பின் அடியிலிருந்து ஒரு துண்டு ரப்பரை அவரே அளந்து வெட்டி மூடியில் ஒட்டினார், இப்போது போனை வைத்து மூடினால் படம் முழுக்க இருட்டு. ஆனாலும் சாவியைத் திரும்பவும் ஆணியில்தான் மாட்டினார். பார்க்கலாம் என்றார்.

இப்போது அவர் காதில் விழக் கூடாத விஷயம். நேற்று அந்தக் கடைசிப் பக்கத்தை அடிக்க உட்கார்ந்தேன். பதினொன்றில் பேட்டரி மூன்று, அது என்னுடையது. கேஸ், பூட்டு, கிழமை என்று நாலு, அது மறதி இல்லை, பயம், அந்தப் பயத்தைக் கொடுத்ததும் நான்தான். கல்யாண நாளை மறந்தது ஒன்று, அது எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து நடக்கிறது, அதற்கு வைத்தியம் கிடையாது. மிச்சம் மூன்றே மூன்று. அந்த மூன்றில் ஒன்று, வெள்ளிக்கிழமை குடையை பஸ்ஸில் விட்டார் என்று எழுதியிருந்தேன். அதில் வெள்ளி என்பது பென்சிலால் அடிக்கப்பட்டு, மேலே "வியாழன்" என்று எழுதியிருக்கிறது. அப்பாவின் கையெழுத்து. பெரியவனே, அவர் இந்தப் பக்கத்தை எப்போதோ படித்திருக்கிறார். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை, தேதியை மட்டும் திருத்திவிட்டு மூடி வைத்திருக்கிறார். குடை போனது அவர் மருந்து வாங்கப் போன அன்று, அந்த மருந்துக் கணக்குப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன், வியாழன்தான். எனக்கு அதற்குமேல் எழுத்து தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே "நான் மறந்தவை" என்று ஒரு தலைப்புப் போட்டு, அதே மூன்று மாதத்துக்கு என்னுடையதை எழுதினேன். தலையில் இருந்த கண்ணாடியைத் தேடியது முதல் ஏழு வந்தது, நினைவுக்கு வந்தது ஏழு என்று வைத்துக்கொள்.

தங்கை வாங்கின டாக்டர் நேரத்தை நான் தள்ளிவிடவில்லை, போகத்தான் போகிறோம், மிச்சமுள்ள அந்த மூன்றை நான் மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டு பேருமே சோதித்துக்கொள்ளப் போகிறோம், ஏழு வாங்கினவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மூன்று வாங்கினவரை மட்டும் அனுப்பினால் நன்றாக இருக்காது. டாக்டர் என்ன சொன்னாலும் உள்ளதைச் சொன்னால் போதும், என் மனசில் இப்போது கலக்கமில்லை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முன்பெல்லாம் உன் வண்டியில் ஒரு சத்தம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுவாய், போனிலேயே சத்தத்தைக் கேட்டு இன்னது என்று சொல்வார். இந்த மூன்று மாதமாக நீ அவரிடம் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று மட்டும் கேட்கிறாய், சின்னக் குழந்தையிடம் பேசுவது போல இழுத்து இழுத்துப் பேசுகிறாய். அவர் கவனித்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். பழையபடி கேள். சண்டை போட வேண்டுமானால் போடு.

இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார், முடி வெட்டி ஐந்து வயசு குறைந்து வாசலில் நிற்கிறார். யாருக்கு என்றார், பெரியவனுக்கு என்றேன். என்ன எழுதினே என்று கேட்கவில்லை. கடியாரத்தைப் பார்த்துவிட்டு, "தபால் ஆபீஸ் நாலு மணிக்கு மூடிடும், உன் நடைக்கு எட்டாது" என்றார். நாளைக்குப் போட்டால் போச்சு என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் சமையலறைக்குள் போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, "கீழ நிக்கறேன், சீக்கிரம் வா" என்று படியிறங்கிவிட்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு, பெரியவனே, நான் ஒன்றுமே சொல்லவில்லை, அவராகவே எடுத்தார். அவசரத்தில் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இந்த உறையை மூன்று பக்கமும் நன்றாக ஒட்டி என் மடியிலேயே வைத்துக்கொள்ளப் போகிறேன்.

மருமகளைக் கேட்டதாகச் சொல், குட்டிக்கு என் முத்தங்கள். ஆண்டவன் உங்கள் மூவரையும் வீட்டிலும் வழியிலும் கைவிடாமல் காத்து, நீண்ட ஆயுளும் நல்ல மனசும் தரட்டும். கடைசிப் பக்கத்து விஷயம் உன்னோடு இருக்கட்டும், தங்கையிடம்கூட வேண்டாம். கீழே ஹார்ன் அடிக்கிறார், இது இரண்டாவது தடவை. நான் போகிறேன்.

என்றும் உங்கள் நலத்துக்காகக் கை கூப்பும்,
அம்மா